கூடைப்பந்து உருவகப்படுத்தலில் உயர ஆட்டக்காரர்களின் பந்து கையாளல்

கூடைப்பந்து உருவகப்படுத்தல் என்பது கூடைப்பந்தாட்டப் போட்டி ஒன்றை எண்களையும் நிகழ்தகவையும் கொண்டு கணினி நிரல் நடத்திக் காட்டுவதாகும். இவ்வகை விளையாட்டுகளில் ஒவ்வோர் ஆட்டக்காரரின் திறனும் எண்ணாகவோ தர நிலையாகவோ குறிக்கப்படும். நடு நிலை, வலிய முன்நிலை ஆகிய இடங்களில் ஆடும் உயரமான ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது உயரம், வலிமை, பந்து மீட்பு, எதிரணியின் எறிதலைத் தடுத்தல் ஆகியவையே முதலில் கருதப்படுகின்றன. பந்தைத் தட்டிச் செல்லும் திறனும் சக ஆட்டக்காரருக்கு வழங்கும் திறனும் பின்காவல்களுக்கு உரியவை என ஒதுக்கப்படுவது வழக்கம். எனினும் சில உருவகப்படுத்தல்களின் கணக்கு முறையை நோக்கினால், இத்திறன்கள் உயர ஆட்டக்காரர்களிடம் இருப்பதே அணிக்குப் பெரிய பயனைத் தரக்கூடும் என்பது விளங்கும்.

பின்னணி

கூடைப்பந்தாட்டத்தை 1891 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் உருவாக்கினார். இந்தியாவிலும் இவ்வாட்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே பரவியது. சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920 ஆம் ஆண்டில் தொடங்கினார். அணியில் மிக உயரமானவரைக் கூடைக்கு அருகில் நிறுத்தி, பந்து கொண்டு செல்லும் பொறுப்பைக் குட்டையானவரிடம் விடுவது உலகெங்கும் நெடுங்காலமாக இருந்துவரும் பயிற்சி மரபு. உருவகப்படுத்தல் நிரல்களை எழுதியவர்களும் விளையாடுபவர்களும் இம்மரபிலிருந்தே தொடங்கினர்.

கணக்கு முறை

பாஸ்கட்பால் ஜிஎம் என்பது உலாவியிலேயே இயங்கும் ஒரு கட்டணமற்ற மேலாண்மை விளையாட்டு. இதன் மூல நிரலை எவரும் படித்துப் பார்க்கலாம். இதில் நடு நிலை, பின்காவல் போன்ற பெயர்கள் பெரும்பாலும் அடையாளங்களே. பந்திழப்புக் கணக்கில் அவற்றுக்குப் பங்கில்லை. களத்தில் உள்ள ஐவரின் பந்து தட்டும் திறனும் வழங்கும் திறனும் சேர்த்துச் சராசரி ஆக்கப்படுகின்றன. ஓர் அணி பந்தை இழக்கும் நிகழ்தகவு எதிரணியின் தடுப்பாற்றலுக்கு நேர்விகிதத்திலும், இச்சராசரிக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. களைப்பு, ஆட்டக்காரர்களின் கூட்டுப் பொருத்தம் ஆகியவையும் இதனுடன் சேரும்.

இதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓர் அணியில் ஐவரின் பந்து கையாளும் மதிப்புகள் 80, 70, 60, 30, 20 எனக் கொள்வோம். கடைசி இருவரும் உயர ஆட்டக்காரர்கள். சராசரி 52 ஆகும்.

* முதல் பின்காவலை 80 இலிருந்து 100 க்கு உயர்த்தினால் சராசரி 56 ஆகும்.
* நடு நிலை ஆட்டக்காரரை 20 இலிருந்து 60 க்கு உயர்த்தினால் சராசரி 60 ஆகும்.

இரண்டாம் மாற்றத்தில் பந்திழப்பு 52/60 என்ற அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 13 விழுக்காடு குறையும். ஓர் ஆட்டத்தில் 15 முறை பந்தை இழந்த அணி 13 முறை மட்டுமே இழக்கும். ஒரு தாக்குதல் வாய்ப்புக்குச் சராசரியாக ஒரு புள்ளிக்குச் சற்று மேல் கிடைக்கும் எனக் கொண்டால், இது ஆட்டத்துக்கு இரண்டு புள்ளிகளுக்கு நிகர். சிறந்த பின்காவல் ஏற்கனவே உச்சத்தை நெருங்கியிருப்பதால் அவரிடம் மேலும் கூட்ட இடமில்லை. உயர ஆட்டக்காரரிடமே அந்த இடம் மிகுதியாக உள்ளது.

பயிற்சியும் விலையும்

2007 ஆம் ஆண்டில் தொடங்கிய பஸ்ஸர்பீட்டர் என்னும் இணைய மேலாண்மை விளையாட்டில் இதே சிக்கல் வேறு வடிவில் எழுகிறது. இங்கு உயரம் கூடக் கூட, பந்து கையாளல், வழங்கல் போன்ற வெளிப்புறத் திறன்கள் மெதுவாகவே வளரும். மேலும், ஒருவர் போட்டியில் எந்த இடத்தில் ஆடுகிறாரோ அந்த இடத்துக்கான பயிற்சியே அவருக்குக் கிடைக்கும். ஆகவே நடு நிலை ஆட்டக்காரருக்கு வழங்கும் திறனைப் பயிற்றுவிக்க விரும்பும் மேலாளர், அவரைப் பின்காவல் இடத்தில் ஆடவிட வேண்டும். அதனால் அப்போட்டிகளில் தோல்வி நேரிடலாம். இளம் வயதில் பயிற்சி விரைந்து பலன் தருவதால் இம்முடிவைத் தள்ளிப்போடவும் முடியாது.

ஆதாயமும் உண்டு. இவ்விளையாட்டில் நடு நிலை ஆட்டக்காரரின் சம்பளம் பெரும்பாலும் கூடையருகே எறிதல், தடுத்தல், பந்து மீட்பு ஆகிய உட்புறத் திறன்களைப் பொறுத்தே உயர்கிறது. துணைத் திறன்கள் சம்பளத்தை அந்த அளவுக்கு உயர்த்துவதில்லை.

மனிதரே நேரடியாக இயக்கும் என்பிஏ 2கே வரிசை நிகழ்பட விளையாட்டுகளிலும், ஒருவர் தமக்கென ஆட்டக்காரரை வடிவமைக்கும்போது உயரத்தைக் கூட்டினால் பந்து கையாளும் திறனின் உச்ச வரம்பு குறைக்கப்படுகிறது.

உண்மை ஆட்டத்துடன் ஒப்பீடு

உயர ஆட்டக்காரர் பந்து வழங்குவது புதிதன்று. நடு நிலையில் ஆடிய வில்ட் சேம்பர்லின் 1967-68 பருவத்தில் 702 புள்ளி உதவிகளுடன் என்பிஏ தொடரின் மொத்த எண்ணிக்கையில் முதலிடம் பெற்றார். 2.11 மீட்டர் உயரமுள்ள செர்பிய வீரர் நிக்கோலா யோக்கிச் 2024-25 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 29.6 புள்ளிகள், 12.7 பந்து மீட்புகள், 10.2 புள்ளி உதவிகள் எடுத்தார். இம்மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி பெற்ற முதல் நடு நிலை ஆட்டக்காரர் இவரே. 2014 ஆம் ஆண்டுத் தேர்வில் இவர் 41 ஆவதாகவே எடுக்கப்பட்டார்.

அடுத்த ஆண்டு, பஞ்சாபைச் சேர்ந்த 2.18 மீட்டர் உயரமுள்ள சத்னாம் சிங்கை டாலஸ் மேவரிக்ஸ் அணி 52 ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. என்பிஏ தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர் இவர். துணைத் தொடரில் ஆடிய இவருக்கு என்பிஏ போட்டியில் களமிறங்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. இவ்விருவரின் விளையாட்டு வாழ்வு வேறுபட்டதற்குப் பல காரணங்கள் உண்டு. எனினும் உயரத்தை மட்டும் கொண்டு ஒருவரின் பயனை மதிப்பிட இயலாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

வரம்புகள்

உருவகப்படுத்தல் என்பது ஆட்டத்தைப் பற்றிய ஒரு கருதுகோளே. ஐவரின் சராசரியை எடுக்கும் நிரலில் உயர ஆட்டக்காரரின் பங்கு ஐந்தில் ஒன்று. உண்மைக் களத்தில் ஓர் அணி அவரிடம் பந்தைக் கொடுக்காமலேயே ஆடலாம். அப்போது அவரது குறை வெளிப்படாது. மாறாக, அவரை இருவர் சூழ்ந்து தடுக்கும்போது ஒரே ஒரு நல்ல வழங்கல் எளிய புள்ளியைப் பெற்றுத்தரும். சராசரி அதைக் காட்டாது. மேலும், பந்து கையாளும் திறனுக்காக உயரத்தையும் பந்து மீட்பையும் விட்டுக்கொடுத்தால் பெற்ற ஆதாயம் மறுபுறம் கரைந்துவிடும். எனவே பிற திறன்கள் ஏறத்தாழச் சமமாக உள்ள இரு உயர ஆட்டக்காரர்களுள் ஒருவரைத் தெரிவு செய்யும்போதே இத்திறன் தீர்மானிக்கும் காரணியாக அமைகிறது.

இவற்றையும் பார்க்க

* கூடைப்பந்தாட்டம்
* நடு நிலை (கூடைப்பந்தாட்டம்)
* நிகழ்தகவு
* கணினி உருவகப்படுத்தல்