வக்கீல் கூலியும் தோட்டத் தமிழனும்

சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு சிறிய வக்கீல் காரியாலயத்தின் படியேறும் தோட்டத் தமிழன், செருப்பை வாயிலிலேயே கழற்றிவிட்டு உள்ளே செல்வதை நாம் கண்டிருக்கிறோம். கோயிலில் அது பக்தி. இங்கே அது அச்சம். இவ்வச்சம் நேற்றுப் பிறந்ததன்று. இதற்கொரு சரித்திரம் உண்டு.

1909-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாதிக்கத்தினின்று ஆங்கிலேயர் ஆதிக்கத்திற்கு மாறிற்று. ரப்பர்த் தோட்டங்களும் பெருகின. மலாயாவில் இந்தியரின் ஒப்பந்தக் கூலிமுறை 1910-ல் ஒழிந்தது. அம்முறையில் வேலையை விட்டு ஓடுவது குற்றமாகவே கருதப்பட்டது. ஆதலால் நம் முன்னோர் பலர் கோர்ட்டைக் கண்டது குற்றவாளிக் கூண்டில் நின்றே. தோட்டத்திற்குள் துரை சொன்னதே தீர்ப்பு. மனுவொன்று எழுத வேண்டின் கிராணியிடமோ, பட்டணத்து மனு எழுதுபவரிடமோ கைகட்டி நிற்க வேண்டும். அவர் கேட்டதே கூலி, ரசீது கிடையாது. கிராணித் தொழிலிலேயே ஜீவிக்கும் நாம் இதனை மறைப்பது நேர்மையாகாது.

1922-ஆம் ஆண்டு இந்தியக் குடிப்பெயர்ச்சிச் சட்டத்தின் பயனாய் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு மலாயாவிற்கு வந்தார். ஆயினும், 1947-ல் பீடோங் வட்டாரத்தில் கள்ளை எதிர்த்தும் உரிமை கோரியும் கிளர்ந்தெழுந்த தொழிலாளர் பலர் சிறையே புகுந்தனர். சட்டம் தம் பக்கமும் நிற்குமென அவர்கள் எங்ஙனம் நம்புவர்?

பின்னர் நிலை மாறிற்று. 1955-ஆம் ஆண்டுத் தொழிற் சட்டத்தின்படி, சம்பள பாக்கிக்குத் தொழிலாளர் இலாகாவிலேயே முறையிடலாம், வக்கீல் வேண்டியதில்லை. அதே ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தால், உயிலின்றி இறந்தவரின் சிறு நிலத்தை நில அலுவலகத்தின் வழியே வாரிசுகள் பெறலாம். ஏழைகட்கென அரசாங்கச் சட்ட உதவி நிலையம் 1970-ல் தோன்றிற்று.

வக்கீலின் உதவி வேண்டுமிடத்தும் கூலிக்கு வரம்புண்டு. வீடு, நிலம் விற்பனைக்கு 2023-ஆம் ஆண்டுக் கட்டளைப்படி முதல் 5 லட்சம் வெள்ளி வரை நூற்றுக்கு ஒன்றேகால் வெள்ளி. 2 லட்சம் வெள்ளி வீட்டிற்கு 2,500 வெள்ளி. முத்திரை வரி முதலியன வேறு. வழக்கில் வென்றால் மட்டுமே கூலி என்று வக்கீல் பேசுவதை 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற் சட்டம் தடுக்கிறது. தரகனுக்குப் பணம் கொடுத்து வழக்குப் பிடிப்பதும் முறைகேடே.

சென்ற ஆண்டு, மோட்டார் விபத்தில் மகனை இழந்த தாயொருத்தி, தரகன் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தபின் நம்மிடம் வந்தாள். நஷ்டஈட்டில் பாதி அவனுக்கென்று அதில் எழுதியிருந்தது. படித்துக் காட்டினோம். "கிராணி ஐயா, கேக்கக் கூச்சமா இருந்துச்சு" என்றாள். அவள் கூசியது அவள் குற்றமன்று. கேட்கலாமென்று அவளுக்கு முன்னமே சொல்லாதது எழுத்தறிந்த நம் குற்றம்.

ஆகவே தோழர்களே, கையெழுத்திடுமுன் கேளுங்கள்: எந்த வேலைக்கு எவ்வளவு கூலி? முன்பணம் எவ்வளவு? செலவுகள் தனியா? ரசீது உண்டா? விடையை எழுத்தில் வாங்குங்கள். நேர்மையுள்ள வக்கீல் இதற்குச் சினவார். செக்ரோலில் அரை நாள் குறைந்தால் நம்மிடம் வந்து நிமிர்ந்து கேட்கும் தொழிலாளி, வக்கீல் மேசையின் முன்னும் அங்ஙனமே கேட்கட்டும். செருப்பைக் கழற்றாமலே கேட்கட்டும்.