அண்டார்ட்டிக்காவில் வனவிலங்கு காணும் கப்பல் பயணம்

அண்டார்ட்டிக்காவில் வனவிலங்கு காணும் கப்பல் பயணம் என்பது தென்முனைப் பகுதியின் பென்குயின்கள், சீல் எனப்படும் கடல்நாய்கள், திமிங்கிலங்கள், கடற்பறவைகள் ஆகியவற்றை அவற்றின் இயற்கை வாழிடத்திலேயே காண்பதற்காக மேற்கொள்ளப்படும் சுற்றுலாப் பயணமாகும். பெரும்பாலான பயணங்கள் அர்ஜென்டினாவின் தென்கோடி நகரமான உசுவாயாவில் தொடங்கி, டிரேக் நீரிணையை ஏறத்தாழ இரண்டு நாட்களில் கடந்து, அண்டார்ட்டிக்கத் தீபகற்பத்தை அடைகின்றன. சில கப்பல்கள் ஃபாக்லாந்து தீவுகளுக்கும் தெற்கு ஜார்ஜியாவுக்கும் செல்கின்றன. தென்கோளக் கோடைக்காலமான நவம்பர் முதல் மார்ச் வரையே இப்பயணங்கள் நடைபெறுகின்றன.

வரலாறு

சுவீடனில் பிறந்த அமெரிக்கச் சுற்றுலா முனைவரான லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் 1966 ஆம் ஆண்டில் பயணிகளை அண்டார்ட்டிக்காவுக்கு அழைத்துச் சென்றார். இன்றைய ஆய்வுப்பயணக் கப்பல் சுற்றுலாவின் தொடக்கமாக இது கருதப்படுகிறது. இவ்வகைப் பயணத்திற்கெனவே வடிவமைக்கப்பட்ட 'லிண்ட்பிளாட் எக்ஸ்புளோரர்' கப்பல் 1969 இல் கட்டப்பட்டது. பின்னர் 'எக்ஸ்புளோரர்' எனப் பெயர் மாற்றப்பட்ட இக்கப்பல், 2007 நவம்பர் 23 அன்று தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கு அருகே பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் சில மணி நேரம் உயிர்காப்புப் படகுகளில் காத்திருந்து, மற்றொரு கப்பலால் மீட்கப்பட்டனர்.

1991 இல் ஏழு நிறுவனங்கள் இணைந்து அண்டார்ட்டிக்கச் சுற்றுலா நடத்துநர்களின் பன்னாட்டுச் சங்கத்தை (ஐயாட்டோ) உருவாக்கின. 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில ஆயிரங்களாக இருந்த பயணிகளின் எண்ணிக்கை, 2023–24 பருவத்தில் ஏறக்குறைய 1,22,000 ஆக உயர்ந்தது. இவர்களுள் ஒரு பகுதியினர் கரையிறங்காமல் கப்பலிலிருந்தே பார்த்துத் திரும்பியவர்கள்.

காணப்படும் விலங்குகள்

தீபகற்பப் பகுதியில் ஜென்டூ, சின்ஸ்ட்ராப், அடேலி ஆகிய மூன்று பென்குயின் இனங்கள் பரவலாகக் காணப்படுகின்றன. பேரரசப் பென்குயின்கள் குளிர்காலத்தில் கடற்பனியின் மீது இனப்பெருக்கம் செய்வதால், வழக்கமான பயணங்களில் அரிதாகவே தென்படும். அரசப் பென்குயின்களின் பெருங்கூட்டங்களைத் தெற்கு ஜார்ஜியாவில் காணலாம். பனிக்கரடிகள் வடமுனைப் பகுதியில் மட்டுமே வாழ்வதால் இங்கு அவை இல்லை.

மிதக்கும் பனிக்கட்டிகளின் மீது நண்டுண்ணிச் சீல், வெடல் சீல், சிறுத்தைச் சீல் ஆகியவை ஓய்வெடுப்பதைக் காணலாம். நண்டுண்ணிச் சீலின் முதன்மை உணவு நண்டு அன்று. கிரில் எனப்படும் சிறிய இறால் போன்ற உயிரியே ஆகும். கூனல்முதுகுத் திமிங்கிலம், மின்கெத் திமிங்கிலம், ஓர்க்கா ஆகியவையும் இக்கடலில் காணப்படுகின்றன.

காணக்கிடைப்பவை மாதத்திற்கு மாதம் வேறுபடும். நவம்பரில் பென்குயின்கள் இணைசேர்ந்து, கூழாங்கற்களால் கூடு கட்டுகின்றன. டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் குஞ்சுகள் பொரிக்கின்றன. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் திமிங்கிலங்களைக் காணும் வாய்ப்பு மிகுதி.

கரையிறங்கும் முறை

துறைமுக வசதி இல்லாததால், பயணிகள் 'சோடியாக்' எனப்படும் காற்றடைத்த இரப்பர் படகுகளில் கரைக்குக் கொண்டுசெல்லப்படுகின்றனர். ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக்கூடாது. 20 பயணிகளுக்கு ஒரு வழிகாட்டியேனும் இருக்க வேண்டும். 500 பேருக்கு மேல் பயணிகளை ஏற்றிய கப்பல்கள் எவரையும் கரையிறக்குவதில்லை. வானிலையும் கடற்பனியும் இடமளிக்காவிடில் திட்டமிட்ட இடம் கைவிடப்படும்.

நடத்தை விதிகள்

பென்குயின்களிடமிருந்து குறைந்தது 5 மீட்டரும், உரோமச் சீல்களிடமிருந்து 15 மீட்டரும் விலகி நிற்க வேண்டும். விலங்கு தானாக நெருங்கி வந்தால் அசையாமல் நிற்க வேண்டும். கூட்டிற்கும் கடலுக்கும் இடையே பென்குயின்கள் நடந்து நடந்து உண்டாக்கிய பாதைகளை மறிக்கக் கூடாது. மனிதரின் ஆழ்ந்த காலடிக் குழிகளில் பென்குயின்கள் விழுந்து சிக்கக்கூடும் என்பதால், அவற்றைப் பனியால் மூடிவிட்டுச் செல்வது வழக்கம். ஒவ்வொரு இறக்கத்திற்கு முன்னும் பின்னும் காலணிகள் கழுவப்படுகின்றன; உடைகளிலும் பைகளிலும் ஒட்டியுள்ள விதைகள் அகற்றப்படுகின்றன. போவா ஆன்னுவா என்னும் அயல்புல் 1980களின் நடுப்பகுதியிலிருந்து கிங் ஜார்ஜ் தீவில் காணப்படுவது, இம்முன்னெச்சரிக்கையின் தேவையை உணர்த்துகிறது.

பாதிப்புகளும் விவாதங்களும்

பயணிகளின் வருகை பென்குயின்களைப் பாதிக்கிறதா என்பது நெடுநாள் ஆய்வுக்குரிய வினாவாகும். போர்ட் லாக்ராய் அமைந்துள்ள சிறிய கூடியே தீவில் ஒரு பகுதி பார்வையாளர்களுக்குத் திறந்தும், மறுபகுதி மூடப்பட்டும் வைக்கப்பட்டு, இரு பகுதிகளின் ஜென்டூ பென்குயின்களும் ஒப்பிடப்படுகின்றன. எனினும் வருகையின் விளைவைத் தனித்துப் பிரித்தறிவது எளிதன்று. தீபகற்பத்தின் மேற்குக் கரை வெப்பமடைந்து கடற்பனி குறைந்துள்ளதால், அங்கு அடேலி பென்குயின்கள் குறைந்தும் ஜென்டூ பென்குயின்கள் தெற்கு நோக்கிப் பரவியும் வருகின்றன.

எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவிலும், 2024 பிப்ரவரியில் அண்டார்ட்டிக்கத் தீபகற்பத்திலும் உறுதி செய்யப்பட்டது. நோய் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பரவுவதைத் தவிர்க்க, கரையில் அமர்வதும் மண்டியிடுவதும் பைகளைத் தரையில் வைப்பதும் ஐயாட்டோ விதிகளால் தடுக்கப்பட்டுள்ளன. நோய் ஐயமுள்ள இடங்களில் கரையிறங்குதல் நிறுத்தப்படுகிறது.

சட்ட நிலை

1959 இல் கையெழுத்தான அண்டார்ட்டிக்க உடன்படிக்கையும், 1991 இல் கையெழுத்தாகி 1998 இல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு நெறிமுறையும் இப்பயணங்களுக்கு அடிப்படையாகும். 60 பாகை தெற்கு அகலக்கோட்டிற்குத் தெற்கே கனரக எரிநெய்யைக் கப்பல்கள் பயன்படுத்துவதும் சுமந்து செல்வதும் 2011 ஆகஸ்டு முதல் தடை செய்யப்பட்டுள்ளன. முனைக்கடல் கப்பல்களின் பாதுகாப்பிற்கான விதித்தொகுப்பு 2017 இல் நடைமுறைக்கு வந்தது. 2024 மே மாதத்தில் கொச்சியில் நடைபெற்ற அண்டார்ட்டிக்க உடன்படிக்கை நாடுகளின் 46 ஆவது கலந்தாய்வுக் கூட்டத்தில், சுற்றுலாவுக்கென விரிவான ஒழுங்குமுறையை உருவாக்கும் பணி தனிப் பணிக்குழுவில் தொடங்கியது. உடன்படிக்கையின் முடிவுகளுக்கு உறுப்பு நாடுகளின் ஒருமித்த இசைவு தேவை என்பதால், மொத்தப் பயணிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிப்பது போன்றவற்றில் உடன்பாடு காண்பது கடினமாகவே உள்ளது.