நெகிழிக் கழிவிலிருந்து கரிமப் புள்ளிகள்

நெகிழிக் கழிவிலிருந்து பெறப்படும் கரிமப் புள்ளிகள் என்பவை, பயன்படுத்தி எறியப்பட்ட பிளாஸ்டிக் பொருள்களிலுள்ள கரிமத்தைக் கொண்டு ஆக்கப்படும் ஒளிரும் நுண்துகள்கள் ஆகும். இவற்றின் விட்டம் பொதுவாக 10 நானோமீட்டருக்கும் குறைவு. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இத்துகள்கள் கலந்த நீரைப் புற ஊதா ஒளியில் வைத்தால், பெரும்பாலும் நீல நிறத்தில் ஒளிரும்.

வரலாறு

2004 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கரொலைனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புகைக்கரியிலிருந்து கரிம நுண்குழாய்களைத் தூய்மைப்படுத்தும்போது எதிர்பாராத வகையில் ஒளிரும் துகள்களைக் கண்டனர். 2006 இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் யா-பிங் சன் குழுவினர், இத்தகைய துகள்களின் மேற்பரப்பைத் தகுந்த பல்லுறுப்பிகளால் மூடினால் அவை நன்கு ஒளிரும் எனக் காட்டினர். பின்னர் சர்க்கரை, சிட்ரிக் அமிலம், பழச்சாறு முதலியவற்றிலிருந்தும் இவை செய்யப்பட்டன. நெகிழிக் கழிவும் மூலப்பொருளானது அதன் தொடர்ச்சியே.

மூலப்பொருள்

நெகிழிகளில் கரிமம் மிகுதி. நிறையின் அடிப்படையில் பாலிஎத்திலீனில் ஏறத்தாழ 86%, பாலிஸ்டைரீனில் 92%, தண்ணீர்ப் புட்டிகள் செய்யப்படும் பாலிஎத்திலீன் டெரிப்தாலேட்டில் (பெட்) 62.5% கரிமம் உள்ளது. பெட்டில் கரிமம் குறைவாயினும், அதன் மூலக்கூறில் பென்சீன் வளையங்களும் ஆக்சிசனும் ஏற்கனவே இருப்பதால் கரிமப் புள்ளிகள் செய்ய ஏற்றதாகிறது. பிவிசியைச் சூடாக்கினால் ஐதரசன் குளோரைடு வளிமம் வெளியேறும் என்பதால், அதைப் பிற நெகிழிகளுடன் கலவாமல் பிரித்தெடுப்பது இன்றியமையாதது.

செய்முறை

நீர்வெப்ப முறை பரவலாகக் கையாளப்படுகிறது. அதன் படிகள் பின்வருமாறு:

1. புட்டிகளைக் கழுவி, உலர்த்தி, சிறு துண்டுகளாக நறுக்குதல்.
2. காற்றில் சூடாக்கியோ, வேதிப்பொருள்களைக் கொண்டோ நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைச் சிதைத்தல்.
3. கிடைத்த பொருளை நீருடன் மூடிய அழுத்தக் கலனில் இட்டு, ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் பல மணி நேரம் சூடாக்குதல்.
4. கரையாத எச்சங்களை வடிகட்டி, கூழ்மப்பிரிப்பு முறையில் தூய்மைப்படுத்துதல்.

ஒளிரும் தன்மை

கரிமப் புள்ளி புற ஊதா ஒளியின் ஆற்றலை உறிஞ்சி, அதில் ஒரு பகுதியை இழந்தபின், எஞ்சியதை நீண்ட அலைநீளமுள்ள ஒளியாக உமிழ்கிறது. துகளின் உட்கரு, மேற்பரப்பிலுள்ள வேதித் தொகுதிகள் ஆகிய இரண்டும் இதில் பங்கேற்கின்றன. எவற்றின் பங்கு மிகுதி என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தயாரிப்பின்போது நைதரசன் சேர்மங்களைச் சேர்த்தால் ஒளியின் நிறமும் வலிமையும் மாறக்கூடும்.

பயன்கள்

- நீரில் இரும்பு அயனிகளைக் கண்டறிதல். ஃபெரிக் அயனிகள் சேரும்போது ஒளிர்வு மங்கும்; மங்கும் அளவிலிருந்து செறிவைக் கணிக்கலாம். செம்பு, பாதரசம் போன்ற அயனிகளும் ஒளிர்வை மங்கச் செய்யக்கூடும் என்பதால், ஒப்பீட்டுச் சோதனைகள் தேவை.
- உயிரணுக்களைப் படம்பிடித்தல். நச்சுத்தன்மையுள்ள காட்மியம் கொண்ட குவாண்டம் புள்ளிகளுக்கு மாற்றாக இவை ஆராயப்படுகின்றன.
- போலிகளைத் தடுக்கும் மறைமுக மை, ஒளியுமிழ் டையோடுகள்.

வரம்புகள்

2017 இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, 2015 வரை உலகில் உருவான நெகிழிக் கழிவு ஏறத்தாழ 630 கோடி டன். அதில் 9% மட்டுமே மீள்சுழற்சி செய்யப்பட்டது, 12% எரிக்கப்பட்டது, எஞ்சிய 79% குப்பைமேடுகளிலும் சுற்றுச்சூழலிலும் தங்கியது. கரிமப் புள்ளிகளோ ஆய்வகங்களில் பெரும்பாலும் கிராம் அளவிலேயே செய்யப்படுகின்றன. ஒரு சோதனைக்கு மிகச் சிறிதளவே போதும் என்பது இப்பொருளின் சிறப்பு. அதுவே கழிவுத் தீர்வு என்ற வகையில் இதன் குறையும் ஆகும். சூடாக்கச் செலவாகும் ஆற்றல், பயன்படுத்தப்படும் அமிலங்கள், நீரில் கலக்கும் நுண்துகள்களின் விளைவு ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். எனவே இம்முறையைக் கழிவிலிருந்து மதிப்புள்ள பொருளைப் பெறும் வழி எனக் கொள்ளலாமே தவிர, நெகிழிப் பயன்பாட்டைக் குறைப்பதற்கு மாற்றாகக் கொள்ள இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

- குவாண்டம் புள்ளி
- உடனொளிர்வு
- நெகிழி மீள்சுழற்சி