மீளழைப்பின் ஆயுள்: இரு நினைவக மரபுகள் சந்தித்த வரலாறு

பயன்பாடற்ற நினைவகத்தை மொழியே மீட்டுக்கொள்ளும் முறை, ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழி குறித்து 1960இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இடம்பெற்றுவிட்டது. 1970களில் உருவான சி மொழியோ அப்பொறுப்பை நிரலாளரிடமே விட்டது. 2002இல் வெளியான டாட்நெட்டில் இவ்விரு மரபுகளும் நேருக்கு நேர் சந்தித்தன. சி ஷார்ப்பில் எழுதப்பட்ட செயற்கூற்றை 'டெலிகேட்' என்னும் பொருளின் வழியாகச் சி நூலகத்திடம் ஒப்படைக்கலாம்; தேவையானபோது நூலகம் அதைத் திரும்ப அழைக்கும்.

சிக்கல் இங்குதான் தோன்றியது. நூலகம் பெறுவது ஒரு முகவரியை மட்டுமே. அது அம்முகவரியை வைத்திருப்பதைக் குப்பை சேகரிப்பான் அறியாது. சி ஷார்ப் பகுதியில் வேறு சுட்டல் எஞ்சாவிடில் டெலிகேட் அகற்றப்படலாம். அதன்பின் வரும் அழைப்பு நிரலையே வீழ்த்திவிடும். சேகரிப்பு எப்போது நிகழும் என்பது உறுதியில்லாததால், இப்பிழை சோதனையில் அகப்படாமல் பயன்பாட்டில் வெளிப்படும். ஆகவே நூலகம் அழைத்து முடிக்கும்வரை டெலிகேட்டைப் பேணுவது நிரலாளரின் கடமையாயிற்று.

2020இல் வந்த சி ஷார்ப் 9, ஸ்டாட்டிக் செயற்கூற்றின் முகவரியை டெலிகேட் இன்றியே வழங்க இடமளித்தது. 2024இல் ஜாவா 22, மீளழைப்பின் ஆயுளை 'அரீனா' என்னும் எல்லையோடு பிணைத்தது. முன்னது காக்கவேண்டிய பொருளையே நீக்கியது. பின்னது காக்கவேண்டிய காலத்தை நிரலிலேயே எழுதவைத்தது. நிரலாளரின் நினைவை மட்டும் நம்பியிருந்த ஒப்பந்தம் இவ்வாறு மொழியின் இலக்கணத்திற்குள் வந்தது.