350-ன்னா எந்த 350?

பழைய அமெரிக்கக் கார் விளம்பரம் எதை எடுத்தாலும் ஒரு எண் முன்னால் நிற்கும். 350, 389, 426 இப்படி. எஞ்சினின் கொள்ளளவு, கன அங்குலத்தில். 350 என்றால் நம்ம கணக்குக்கு சுமார் 5.7 லிட்டர். எண்ணைப் பார்த்ததும் எஞ்சின் எதுவென்று தெரிந்துவிட்டதாக நினைப்போம். ஜெனரல் மோட்டார்ஸிடம் அந்தக் கதை நடக்காது.

ஏன்னா, அந்த ஒரே கம்பெனிக்குள்ளேயே நாலு வேற வேற 350 இருந்தது. செவ்ரோலே, போன்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக் என்று ஒவ்வொரு பிரிவும் தனக்குத் தனியாக எஞ்சின் செய்துகொண்ட காலம். செவ்ரோலே 350-ல் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 3.48. ஓல்ட்ஸில் 4.057, 3.385. பியூக்கில் 3.8, 3.85. கணக்குப் போட்டால் எல்லாம் 350-ல்தான் வந்து நிற்கும். உதிரிபாகம் மட்டும் ஒன்றுக்கொன்று சேராது.

இது ஆர்வலர்களின் பொழுதுபோக்கு விஷயம் மாதிரி தெரியும். 1977-ல் கோர்ட் வரைக்கும் போச்சு. 1949-லிருந்தே ஓல்ட்ஸ்மொபைல் தன் எஞ்சினை 'ராக்கெட்' என்ற பேரில் விற்றது. அந்தப் பேருக்காகவே கூடுதல் காசு கொடுத்தவர்கள் உண்டு. எழுபதுகளின் நடுவில் விற்பனை எகிறியது. 1976-ல் அமெரிக்காவிலேயே அதிகம் விற்ற கார் கட்லஸ்தான். எஞ்சின் பத்தவில்லை. சத்தமில்லாமல் சில டெல்டா 88 கார்களில் செவ்ரோலே 350-ஐ மாட்டி அனுப்பினார்கள். சிகாகோவில் ஒருத்தர் ஃபேன் பெல்ட்டும் ஆயில் ஃபில்ட்டரும் மாற்றப் போனார். ஓல்ட்ஸ் பாகம் பொருந்தவில்லை. அப்படித்தான் குட்டு வெளிப்பட்டது. இல்லினாய் மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார்.

குதிரைசக்தியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா? அந்த வருஷம் இரண்டுக்குமே 170 என்றுதான் போட்டிருந்தார்கள். (1972-க்கு முன்பு கார்களுக்கு 'கிராஸ்' கணக்கு, அப்புறம் 'நெட்'. அதனால் 1970 காரின் எண்ணை 1977 காரோடு நேரடியாக ஒப்பிடவே கூடாது.) கம்பெனி சொன்ன நியாயமும் இதுதான்: சக்தி ஒன்று, அளவு ஒன்று, உங்களுக்கு என்ன நஷ்டம்? எனக்கு இது சுத்தமாக ஒப்பவில்லை. பேரைச் சொல்லித்தானே விற்றீர்கள்?

கடைசியில் 200 டாலரும் கூடுதல் வாரண்டியும் தர முன்வந்தார்கள். அதற்கப்புறம் விளம்பரங்களின் அடியில் ஒரு பொடி எழுத்து வரி முளைத்தது: எங்கள் கார்களில் ஜி.எம்.மின் பல பிரிவுகள் தயாரித்த எஞ்சின்கள் இருக்கும் என்று.

இன்றைக்கு அந்த 1977 காரைப் பார்த்தால் வாகன அடையாள எண்ணில் ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். R என்றால் ஓல்ட்ஸ் 350. L என்றால் செவ்ரோலே. நடுவில் யாராவது எஞ்சினையே மாற்றியிருந்தால்? பானட்டைத் திறங்கள். எஞ்சினின் முன்பக்கம் எண்ணெய் ஊற்றும் குழாய் நீட்டிக்கொண்டு நின்றால், அது ராக்கெட்.