கணக்குக் கட்டும் கைப்பேசியும்

ஒட்டப்பிடாரம் தாலுகாவைச் சேர்ந்த புதியம்புத்தூரில், ஆயத்த ஆடை தைக்கும் யந்திரங்களின் ஓசைக்கு நடுவே, ஒரு சம்சாரி தம் பேரனின் கைப்பேசியில் தமது கரிசல் காட்டின் சிட்டாவைப் பார்த்துக்கொண்டிருப்பது இன்று யாருக்கும் அதிசயமாகத் தோன்றுவதில்லை. ஊர்க்கணக்கு துணியில் சுற்றிய கட்டாகக் கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில் கிடந்த காலத்தை அறிந்தவர்களுக்கோ அது சாமானிய விஷயமன்று.

1799-இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின், 1802-ஆம் வருஷத்து ஒழுங்குவிதியின்படி ஜமீன்களாக நிலைத்த இப்பகுதிப் பாளையங்களில், பேஷ்கஷ் தொகை தவறாமல் வந்து சேர்ந்தால் போதும் என்றிருந்த கிழக்கிந்தியக் கும்பினிக்கு, எந்தக் காட்டில் யார் விதைத்தார் என்பதைப் பற்றிய கவலை இருக்கவில்லை. 1948-ஆம் வருஷத்துச் சட்டம் ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரி முறையைக் கொணர்ந்த பிறகே, அறுபத்தாறு அடிச் சங்கிலியோடு சர்வேக்காரர்கள் அக்கிராமங்களின் மூலைமுடுக்கெல்லாம் நடந்து, கல் நட்டு, காட்டுக்குக் காடு எண் கொடுத்தார்கள். நிலத்தைச் சங்கிலிக் கணக்கில் பேசும் வழக்கம் கரிசல் சம்சாரிகளின் வாயில் இன்றும் இருக்கிறது.

அந்த எண்களை வைத்துக்கொண்டு, பசலிதோறும் எதில் பருத்தி, எதில் சோளம், எதில் தரிசு என்று அடங்கலில் எழுதி, ஜமாபந்தியில் மேலதிகாரிகள் முன் வைத்தவர் கர்ணம் என்னும் கணக்குப்பிள்ளை. குடியானவனின் நிலத்தைப் பற்றி எழுதப்பட்ட அக்கணக்கு குடியானவனுக்காக எழுதப்பட்டதன்று, தீர்வைக்காக எழுதப்பட்டது. அதைப் பார்க்க விரும்பியவன் திண்ணையில் காத்திருக்க வேண்டும். கட்டின் முடிச்சை அவிழ்ப்பதும் அவிழ்க்காததும் கர்ண எஜமானரின் சௌகரியம். சோழர் காலத்தில் நிலத்தின் எல்லைகளைக் கோயிற்சுவரிலேயே வெட்டி வைத்தார்களே என்பீர்கள். வாஸ்தவம், ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பர்?

1980-இல் கர்ண உத்தியோகம் ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2012-இல் மத்திய அரசு தன் புள்ளிவிவரங்களைப் பொதுவில் வைப்பதற்கென்றே ஒரு கொள்கையையும் இணையதளத்தையும் ஏற்படுத்தியது. நகரவாசிகள் இப்படிப் பொதுவில் வைக்கப்படும் தகவல்களால் அடைந்த சௌகரியங்கள், பஸ் எப்போது வரும் என்று கைப்பேசியில் பார்ப்பது போன்றவை; கரிசல்காட்டுக்காரனுக்கோ நிலமே பெரிது. தமிழக அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரத்திலும்’ சேவையில் மாவட்டம், தாலுகா, கிராமம், பட்டா எண் ஆகியவற்றைக் கொடுத்தால், புன்செய் இத்தனை ஹெக்டேர், தீர்வை இத்தனை ரூபாய் என்று கணக்குப்பிள்ளையின் கட்டே கைக்குள் வந்துவிடுகிறது.

சம்சாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தம் தகப்பனார் பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்கிறார். “கொம்ப விட்டுட்டானே, ‘செ’ போடாம ‘ச’ போட்டிருக்கான்” என்கிறார். என்றோ ஒரு கர்ணம் அவசரத்தில் விட்ட கொம்போ, பின்னால் தட்டச்சில் விழுந்த பிழையோ! பட்டாவைத் திருத்த என்னென்ன காகிதம் வேண்டும் என்று இ-சேவை மையத்தில் விசாரித்து வரும்படி பேரனை அனுப்புகிறார்.