பத்தொன்பதில் ஒரே ஒரு கேள்வி

ஆட்டிசம் குறித்து மருத்துவத் துறையினருக்கு என்ன தெரியும் என்று அளந்து பார்க்கும் முயற்சிக்கு அரை நூற்றாண்டு வரலாறுகூட இல்லை. பால்டிமோரில் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது 1943இல். அமெரிக்க உளமருத்துவக் கையேடு அந்நிலையைக் குழந்தைப்பருவ மனச்சிதைவிலிருந்து பிரித்துத் தனி வகைப்பாடாக ஏற்றது 1980இல். அதன் பிறகே, 1987இல், வெண்டி ஸ்டோன் குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சு மொழி வல்லுநர் ஆகியோரிடம் வினாத்தாள் கொடுத்து அவர்களின் புரிதலை ஆராய்ந்தார். டமரா டேலியும் மரியன் சிக்மனும் இந்திய உளமருத்துவர், உளவியலாளர், குழந்தை மருத்துவரிடம் நடத்திய இத்தகைய ஆய்வு 2002இல் வெளிவந்தது. இரண்டிலும் செவிலியர் இல்லை.

அவர்களை நோக்கிய கருவி நைஜீரியாவில் உருவாயிற்று. எனுகு நகர உளமருத்துவர் முயிதீன் பகாரேயும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட வினாத்தாளில் 19 கேள்விகள். சரியான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். வல்லுநர் அரிதான நாட்டில் குழந்தையை முதலில் காண்பவர் செவிலியரே என்பதால் அவர்களின் அறிவே தொடக்கப்புள்ளி என்ற எண்ணம் அதற்கு அடிப்படை. அந்நிலை இந்தியாவுக்கும் பொருந்தும்.

அந்த 19 கேள்விகளின் பகுப்பு கவனிக்கத்தக்கது. சமூக உறவாடலுக்கு 8, திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைக்கு 4, நோயின் வகை, உடன்வரும் சிக்கல்கள், தொடங்கும் வயது ஆகியவற்றுக்கு 6. மொழிக்கு ஒன்றே ஒன்று: பேச்சு தாமதமாவதோ வராமலே போவதோ ஆட்டிசத்தின் அடையாளமா? பகாரே குழுவினர் 2009இல் 134 நைஜீரிய மருத்துவப் பணியாளரிடம் இக்கருவியைப் பயன்படுத்தியபோது சராசரி 12.35; அறிவின் இடைவெளி மிகக் குறைவாகக் காணப்பட்டது மொழிப் பிரிவில்தான். இதில் வியப்பில்லை. பேசாத குழந்தையைக் கண்டால் ஐயம் கொள்ள எவருக்கும் தெரியும்.

ஆனால் கேனர் கண்ட 11 பேரில் 8 பேர் பேசினார்கள். அவர்களுடைய பேச்சு வேறு விதமாக இருந்தது: கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னார்கள், தம்மை 'நீ' என்றார்கள். தமிழில் இதைக் காண்பது எளிது. தாகம் எடுத்த குழந்தை 'தண்ணி வேணும்' என்று கேட்காமல், தாய் வழக்கமாகக் கேட்கும் 'தண்ணி வேணுமா?' என்பதையே சொல்லும். கேட்பவர்களுக்கு அது மழலை. ஒற்றைக் கேள்வியைச் சரியாக எழுதி மதிப்பெண் பெற்ற பணியாளரும் இக்குழந்தையை 'நன்றாகப் பேசுகிறதே' என்று திருப்பி அனுப்பக்கூடும்.

மருத்துவக் கல்லூரிகள் நிறைந்த புனேயில் இவ்வினாத்தாளை ஆஷா பணியாளரிடம் கொண்டுசெல்பவர் இன்னொரு சிக்கலையும் சந்தித்தாக வேண்டும். மராத்தியர் அவரை 'ஆஷாதாயி' என்பர். 'தாயி' என்றால் அக்கா. அவரிடம் ஆங்கிலத்தில் கேட்க இயலாது. மராத்தியில் ஆட்டிசத்துக்கு வழங்கும் சொல் 'ஸ்வமக்னதா', தன்னுள் மூழ்கியிருத்தல். இச்சொல்லைக் கேட்டவுடனே சமூக உறவாடல் பற்றிய எட்டுக் கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. தன்னுள் மூழ்கிய குழந்தை கண்ணைப் பார்க்காது, பிறரோடு விளையாடாது என்று ஊகிக்க மருத்துவ அறிவு தேவையில்லை. 'ஆட்டிசம்' என்றே சொன்னால் அவ்வுதவி கிடையாது. ஒரே பணியாளர் எந்தச் சொல்லைக் கேட்டார் என்பதைப் பொறுத்து வேறு மதிப்பெண் பெறலாம். அப்போது அளக்கப்படுவது அறிவா, சொல்லின் வெளிப்படைத் தன்மையா? (தமிழ்நாட்டு அரசு ஆவணங்களின் 'புற உலகச் சிந்தனையற்றோர்' இன்னும் மோசம். அது பெயரிடும் முன்னே தீர்ப்பு வழங்கிவிடுகிறது.)

இந்தியச் சட்டம் இச்சொல்லைத் தாமதமாகவே அறிந்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் நுழைந்து, 2016இல்தான் 21 வகைமைகளுள் ஒன்றாயிற்று. 2009இல் வெளியான இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகளுள் 9 பேச்சுக்கும் மொழிக்கும் உரியவை. ஆனால் அது குழந்தையை அளப்பது; பணியாளரை அளக்கும் தாளில் அந்த விகிதம் இல்லை.

2013 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் ஆட்டிசத்தையும் தன் பரிசோதனைப் பட்டியலில் சேர்த்தது. அதன் நடமாடும் குழு ஓர் அங்கன்வாடிக்கு வருவது ஆண்டுக்கு இருமுறை. 2018இல் அறிமுகமான வீட்டுவழிப் பராமரிப்பின்படி ஆஷா வீடு தேடி வருவது குழந்தையின் 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில். ஆட்டிச அறிகுறிகளைச் சலித்தெடுக்கப் பல நாடுகளில் வழங்கும் எம்-சாட் பட்டியலோ 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்குரியது. ஆஷாவின் கடைசி வருகைக்கு மறுமாதம் அந்தப் பருவம் தொடங்குகிறது. மூன்று வயதுக்கு முன் குழந்தை அங்கன்வாடியில் அமர்வதும் இல்லை; சத்துணவுப் பொட்டலம் வாங்க வரும் தாயின் இடுப்பில் இருந்தபடி அவ்வாசலைப் பார்த்துவிட்டுப் போகிறது. அங்கே 'பேசுகிறானா?' என்று கேட்டால் 'பேசுகிறான்' என்ற விடையே வரும். 'தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் கேட்கிறான்?' என்ற கேள்வி அந்த 19இல் இல்லை.